விலைப்பட்டியலின் கடைசி வரி: கழுவும் நேரம்

உங்களில் யாரோ அந்தப் பட்டியலைப் பார்த்துச் சிரித்ததாகக் கேள்விப்பட்டேன். கோபம் ஒன்றும் இல்லை. இடது பக்கம் போட்டிக் கம்பெனியின் அறுவை ரோபோ, வலது பக்கம் நம்முடையது. மிஷின் விலை, கருவிகளின் விலை, ஆண்டுப் பராமரிப்பு, பயிற்சிச் செலவு என்று வரிசையாக வந்து, எல்லாவற்றுக்கும் அடியில் 'கழுவும் நேரம்' என்று ஒரு வரி. "நாம ரோபோ விக்கிறோமா, லாண்டரி நடத்துறோமா?" என்று ஒரு தம்பி கேட்டாராம். நியாயமான கேள்விதான். அந்த வரியை எழுதியவள் நான் என்பதால் பதிலையும் நானே சொல்லிவிடுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனையின் அறுவைக்கூடத்தில் இருபது ஆண்டுகள் நர்ஸாக நின்றேன். நின்றேன் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். என் முழங்கால்கள் சாட்சி சொல்லும். அதன் பிறகுதான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் நம் அலுவலகத்துக்கு, மருத்துவக் கருவி விற்பனைக்கு வந்தேன். விசிட்டிங் கார்டில் என்னென்னவோ பதவி போட்டுக் கொடுத்தார்கள். மருத்துவமனைகளில் மட்டும் கடைசிவரை நான் 'சிஸ்டர்'தான். போன வருடம் ஓய்வு பெற்றேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். மிஷினைப் பற்றி உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். அதனால் நான் செய்த தப்புகளை எழுதுகிறேன். அவை வேறு எந்தக் கையேட்டிலும் இருக்காது.

நான் விற்பனைக்கு வந்த புதிதில் இந்தச் சந்தைக்கு ஒரே ராஜா. ரோபோ வேண்டும் என்றால் அந்த ஒரு கம்பெனியிடம்தான் போக வேண்டும், அவர்கள் சொன்னதுதான் விலை. பிறகு ஒவ்வொரு நாட்டிலிருந்தும் புதிய மிஷின்கள் வர ஆரம்பித்தன. நம்முடையதும் அப்படி வந்த ஒன்றுதான். எல்லாம் செய்வது ஒரே காரியம்: டாக்டர் ஒரு மூலையில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டே விரல்களை அசைப்பார், நோயாளியின் வயிற்றுக்குள் மெல்லிய இரும்புக் கைகள் அதே மாதிரி அசையும். பின்னால் வந்தவர்களான நம் கையில் இருந்த பெரிய ஆயுதம், மலிவு. மலிவு என்றால் கேவலமில்லை. பெரிய பணக்காரர்களுக்கு மட்டும் கிடைத்த வைத்தியம் அதனால்தான் சாதாரண ஆட்களுக்கும் எட்டியது. அதை நான் இன்றும் பெருமையாகவே சொல்வேன்.

முதல் தப்பு சின்னது. விற்பனைக்கு வந்த முதல் மாதம், நான் வேலை பார்த்த அதே கிள்ளான் மருத்துவமனைக்குப் போனேன். அங்கே சிறுநீரக அறுவை நிபுணர் ஒருவர் இருந்தார். நர்ஸாக இருந்தபோது அவர் பக்கத்தில் எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். அந்தத் தைரியத்தில் உட்கார்ந்து, போட்டிக் கம்பெனியின் மிஷினில் என்னென்ன குறை என்று முக்கால் மணி நேரம் பொரிந்து தள்ளினேன். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது அவர் மெதுவாகச் சொன்னார்.

"சிஸ்டர், அந்த மிஷின்லதான் எங்கப்பாவுக்கு ஆபரேஷன் செஞ்சாங்க. இப்பதான் போன் பண்ணாரு. காலையில வாக்கிங் போயிட்டு ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கிட்டு இருக்காராம்."

எனக்கு நாற்காலியோடு தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது. அவர் சிரித்துக்கொண்டே, "டீ குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். அன்றிலிருந்து போட்டிக்காரர் மிஷினைப் பற்றி நான் வாயைத் திறந்ததில்லை. யாராவது ஒருவரின் அப்பா அதில் படுத்து எழுந்திருப்பார்.

இரண்டாவது தப்பு பெரியது. அதற்குத்தான் இத்தனை பக்கம்.

சில வருடங்களுக்கு முன்பு அதே மருத்துவமனை முதல்முறையாக ஒரு ரோபோ வாங்க முடிவு செய்தது. கடைசிச் சுற்றில் இரண்டு பேர்: பழைய ராஜாவும் நாமும். அவர்களும் விலையைக் குறைத்துவிட்டார்கள். நம் பாஸ் என்னைக் கூப்பிட்டு, எப்படியாவது அவர்களுக்குக் கீழே போக வேண்டும் என்றார். மிஷின் விலையில் இனி ஒரு வெள்ளிகூடக் குறைக்க முடியாது. மிச்சம் இருந்தது கருவிகள்தான். உங்களுக்குத் தெரிந்ததுதான், பிரிண்டர் வாங்குகிறவர் பிறகு மை வாங்கியே தீர வேண்டும் என்பது போல, ரோபோவின் நுனியில் மாட்டும் கத்தரிக்கோலும் இடுக்கியும் குறிப்பிட்ட தடவைக்கு மேல் வேலை செய்யாது. திரும்பத் திரும்ப வாங்க வேண்டும். மூன்று செட் கருவிகள் என்று நான் முதலில் எழுதியிருந்தேன். அதை ஒரு செட்டாக வெட்டினேன். விலை சட்டென்று போட்டிக்காரருக்குக் கீழே இறங்கியது. பாஸ் என் மேசையைத் தட்டிவிட்டுப் போனார்.

ஒரு செட்டை வைத்து ஒரு நாளைக்கு இரண்டு அறுவைகள் செய்யலாமா? செய்யலாம் என்று எழுதினேன். முதல் அறுவை முடிந்ததும் கருவிகள் கழுவப்போகும், இரண்டரை மணி நேரத்தில் திரும்பி வரும், அடுத்த நோயாளிக்குத் தயார். அந்த இரண்டரை மணி நேரத்தை நான் எங்கும் தேடவில்லை, யாரையும் கேட்கவில்லை. இருபது வருடம் அறுவைக்கூடத்தில் நின்றவளுக்குத் தெரியாதா? சின்னத் துளை வழியாகச் செய்யும் சாதாரண லேப்ராஸ்கோப்பி அறுவையின் கருவிகள் அப்படித்தான் திரும்பி வரும். நம் மிஷினோடு வந்த கையேட்டில் பின்பக்கம் கழுவும் முறை போட்டிருந்தது. நான் அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை. புது ஆள் யாராவது இருந்திருந்தால் படித்திருப்பார். எல்லாம் தெரிந்தவள் என்ற நினைப்பு எனக்கு இருந்ததால் படிக்கவில்லை.

ஒரு நாள் செயல்விளக்கம் ஏற்பாடானது. இரவல் மிஷின் ஒன்றை மருத்துவமனையில் இறக்குவோம், ஏற்கெனவே நம் மிஷினில் பயிற்சி முடித்திருந்த அந்தச் சிறுநீரக டாக்டர் ஒரே நாளில் இரண்டு அறுவைகள் செய்வார், மாலையே மிஷின் லோரி ஏறி ஜோகூர் பாருவில் இன்னொரு மருத்துவமனைக்குப் போகும். அறுவைக்கூட நர்ஸ்கள் எல்லோருக்கும் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தோம், சாப்பாடும் போட்டோம். கருவிகளைக் கழுவிக் கிருமிநீக்கம் செய்யும் பிரிவு கீழ்த்தளத்தில் இருந்தது. அங்கே கையேட்டை மட்டும் அனுப்பிவைத்தோம்.

அந்த இரண்டாவது நோயாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பந்திங்கில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். ஐம்பத்தெட்டு வயது, பெரிய மீசை, சின்னக் குரல். ப்ராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய், நல்ல வேளையாக ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. கோலாலம்பூரில் பழைய ரோபோவுக்குச் சொன்ன தொகையைக் கேட்டு அவரும் மனைவியும் பேசாமல் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார்களாம். செயல்விளக்கத்துக்குக் கருவிகளை நம் கம்பெனி இலவசமாகக் கொடுத்ததால், அன்று ஒரு நாள் மட்டும் அவர்களால் முடிகிற செலவில் ரோபோ அறுவை. நோயாளிகளோடு நான் அதிகம் பேசுவதில்லை, அது டாக்டரின் வேலை. ஆனால் அவர் டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, சுவரோரம் நின்ற என்னைப் பார்த்து, நர்ஸ் என்றே நினைத்துக் கேட்டார்.

"ஆபரேஷனுக்கு அப்புறம் இருமினா தும்மினா ஒண்ணுக்கு கசியும்னு சொல்றாங்களே சிஸ்டர், நிஜமா?"

"கொஞ்ச நாளைக்கு இருக்கும்ணே. நிறைய பேருக்குச் சரியாயிடும். இந்த மாதிரி மிஷின்ல செஞ்சா சீக்கிரம் சரியாக வாய்ப்பு இருக்குன்னு டாக்டர் நெனைக்கிறாரு. உறுதியா யாரும் சொல்ல முடியாது."

அவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். "வேன்ல பிள்ளைங்க இருக்கும். ஏழு வயசு, எட்டு வயசு. வாடை வந்தா பட்டுனு சொல்லிடும். சாவுக்குக்கூட நான் பயப்படல சிஸ்டர்."

அந்த மனிதர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வீட்டுக்குப் போகும் கொமியூட்டர் ரயிலில் அவரையே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் விற்கும் பொருள் ஒரு ஆளுக்கு எதற்கு வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு ஒரு முகமாகத் தெரிந்தது.

அந்த நாள் வந்தது. காலை அறுவை அருமையாக நடந்தது. நிர்வாகத்தினர் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள், டாக்டர் எழுந்து கையை உதறிக்கொண்டு, "நல்ல மிஷின்" என்றார். பன்னிரண்டு மணிக்குக் கருவிகள் கழுவக் கீழே போயின. பாஸ் போனில் என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார். இரண்டாவது அறுவை மூன்று மணிக்கு. வேன்காரர் பச்சை அங்கியில், கையில் ஏற்றிய ட்ரிப்ஸ் ஊசியோடு, அறுவைக்கூட வாசலில் காத்திருக்கும் அறைக்கு வந்துவிட்டார்.

ஒரு மணிக்குக் கீழ்த்தளத்திலிருந்து எனக்குப் போன்.

"சிஸ்டர், கொஞ்சம் கீழ வரீங்களா?"

அது கழுவும் பிரிவில் இருந்த அக்கா. நான் நர்ஸாக இருந்த காலத்திலேயே அங்கே இருந்தவர். எத்தனை வருடம் அவர் கழுவித் தந்த கருவிகளைக் கை நீட்டி வாங்கியிருக்கிறேன் என்று கணக்கில்லை. அப்போதெல்லாம் கீழே போய் ஒரு வார்த்தை பேசியது பத்துத் தடவை இருக்குமா என்பது சந்தேகம். போனேன். ரப்பர் ஏப்ரனும் முகக் கவசமும் போட்டு நின்றிருந்தார். மேசைமேல் நம் கையேடு, ஈரம் படாமல் பிளாஸ்டிக் உறைக்குள், பின்பக்கம் திறந்திருந்தது. அதில் சில வரிகளுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

"இது மத்த கருவி மாதிரி இல்ல சிஸ்டர். உள்ள மெல்லிசா குழாய், அதுக்குள்ள கம்பி. ஊற வைக்கணும், உள்ள தண்ணி பீய்ச்சணும், பிரஷ் போடணும், திரும்ப தண்ணி பீய்ச்சணும், அப்புறம்தான் மிஷின்ல போடணும். அதுக்கு மேல காயணும், பேக் பண்ணணும், ஸ்டெரிலைஸ் பண்ணணும். புத்தகத்துல இருக்கற மாதிரி செஞ்சா அஞ்சு மணி நேரம். நீங்க மேல ரெண்டரைன்னு சொல்லியிருக்கீங்க."

அவர் ஒரு கருவியின் நுனியை வெள்ளைத் துணியில் வைத்து, குழாயின் மறுமுனையில் தண்ணீரைப் பீய்ச்சினார். துணியில் லேசாகப் பழுப்பு நிறத்தில் ஒரு கறை படர்ந்தது.

"முதல் தடவைக்கு இப்படித்தான் வரும். மூணாவது நாலாவது தடவைக்குத்தான் வெள்ளையா வரும். இதுல யார் மேலயும் தப்பு இல்ல." பிறகு ஒரு தாளையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினார். "மேல இருந்து ரெண்டு தடவ போன் வந்துடுச்சு. கழுவற நேரத்த குறைக்க எனக்கு அதிகாரம் இல்ல. கம்பெனி ஆளு நீங்க. குறைச்சுக்கலாம்னு எழுதி சைன் பண்ணிக் கொடுத்தீங்கன்னா, மூணு மணிக்கு அனுப்பிடலாம்."

அந்த நேரம் பார்த்து பாஸின் போன். விஷயம் அவருக்கு எட்டிவிட்டிருந்தது. "சைன் பண்ணுங்க லா. எப்படியும் ஸ்டெரிலைஸ் ஆகத்தானே போகுது? அந்தச் சூட்டுல எந்தக் கிருமி இருக்கும்? இன்னைக்கு ரெண்டு கேஸ்னு சொல்லிட்டு ஒண்ணோட நிறுத்துனா நம்ம கதை முடிஞ்சுது. இருக்கற விலைய வெச்சு ஜெயிச்சாச்சு, சிஸ்டர். கெடுத்துடாதீங்க."

அழுக்கு போகாமல் மேலே எத்தனை சூடு காட்டினாலும் பயனில்லை என்பது நர்ஸ் படிப்பில் முதல் மாதப் பாடம். அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஐந்து நிமிடம் என் மனசுக்குள் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். கையெழுத்துப் போட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. நூற்றில் தொண்ணூற்றொன்பது பேருக்கு ஆகாது. போடாவிட்டால் மிஷின் சாயங்காலம் ஜோகூருக்குப் போய்விடும், வேன்காரருக்கு இந்த வாய்ப்பு திரும்பி வராது. அவருக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டே நான் கையெழுத்துப் போட்டிருக்க முடியும். பேனாவைக் கையில் எடுத்தும்விட்டேன். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அக்கா என்னை அவசரப்படுத்தவில்லை. முகக் கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. மேசையைப் பிடித்திருந்த அவர் விரல்கள், கையுறையைக் கழற்றியிருந்ததால், காலையிலிருந்து ஈரத்தில் ஊறிச் சுருங்கி வெளுத்திருந்தன. அந்த விரல்களைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இரண்டரை மணி நேரம் என்று நான் பிரிக்பீல்ட்ஸில் ஏர்கானில் உட்கார்ந்து எழுதியபோது, இந்தக் கைகளைப் பற்றி ஒரு நொடி யோசித்தேனா?

பேனாவை வைத்தேன். "புத்தகத்துல இருக்கற மாதிரியே செய்யுங்கக்கா. முழுசா."

"அஞ்சு, அஞ்சேகால் ஆயிடும்."

"ஆகட்டும்."

அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டார்.

மேலே போய் டாக்டரிடம் சொன்னேன். கழுவும் பிரிவு தாமதம் என்று சொல்லியிருக்கலாம், பாதி உண்மைதான். அப்படிச் சொல்ல நாக்கு வரவில்லை. "டாக்டர், நேரத்தை நான் தப்பா எழுதிட்டேன். அஞ்சு மணி நேரம் வேணும். கீழ இருக்கறவங்க சரியாத்தான் செய்யறாங்க." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குக் கோபம் வந்தால் அப்படித்தான் செய்வார்.

"அஞ்சரைக்கு நான் ஒரு கேன்சர் கேஸ ஆரம்பிக்க மாட்டேன், சிஸ்டர். காலையிலேர்ந்து உட்கார்ந்திருக்கேன். நாளைக்கு காலையில முதல் கேஸா செய்யறேன்."

"மிஷின் இன்னைக்கே ஜோகூர் போகுது, டாக்டர்."

"அது உங்க பிரச்சினை." கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கொஞ்சம் இறங்கிய குரலில், "பாருங்க, ஏதாவது செய்ய முடியுதான்னு" என்றார்.

பாஸைக் கேட்டால் முடியாது என்பார். அதனால் அவரைக் கேட்கவில்லை. லோரிக்காரரைக் கூப்பிட்டேன். ஷா ஆலமில் ஒரு கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இன்னைக்கு வர வேணாம். நாளைக்கு மத்தியானம் வாங்க."

"நாளைக்கா? சூசா லா, கஷ்டம் சிஸ்டர். நாளைக்கு எனக்கு வேற லோடு இருக்கு. பாஸ் சொன்னாரா?"

"நான் சொல்றேன்ணே. ஒருத்தருக்கு ஆபரேஷன் நிக்குது."

"யாருக்கு?"

"பந்திங்ல ஸ்கூல் வேன் ஓட்டறவரு."

"வேனா? சரி, அந்த லோட நான் மாத்திக்கிறேன்" என்றார். ஓட்டுநருக்கு ஓட்டுநர் விட்டுக்கொடுத்தது அது. பிறகுதான் பாஸிடம் சொன்னேன். அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. ஜோகூர்க்காரர்களும் ஒரு நாள் தாமதத்துக்காக என்னைப் போனில் காய்ச்சி எடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

அதைவிடக் கஷ்டமான வேலை இன்னும் பாக்கி இருந்தது. டாக்டர் வேன்காரரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனதும் நான் உள்ளே போனேன். மனைவி பக்கத்தில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

"காலையில ஒருத்தருக்கு நல்லா செஞ்சீங்க. எங்களுக்கு மட்டும் ஏன் இப்படி? அந்தப் பெரிய மிஷினுக்கு எங்களுக்கு வசதி இல்ல, ஒத்துக்கிறோம். அதுக்காக எப்படி வேணா நடத்தலாமா?"

அந்தக் கேள்வி என்னைக் குத்தியது. இன்றும் குத்துகிறது. மலிவாகக் கொடுக்கிறோம் என்று நாம் பெருமைப்படும்போதெல்லாம், வாங்குகிறவர் மனசில் இந்தப் பயம் இருக்கும். விலையில் குறைத்தது வேறு எதிலும் குறையவில்லை என்று அவருக்கு யார் சொல்வார்கள்? நடந்ததை நடந்தபடி சொன்னேன். காலையில் இன்னொருவருக்குப் பயன்படுத்திய கருவி, அதை முழுசாகச் சுத்தம் செய்ய ஐந்து மணி நேரம் வேண்டும், இரண்டரை போதும் என்று சொன்னது என் தப்பு, நாளைக் காலையில் இதே மிஷினில் இதே செலவில் நடக்கும்.

வேன்காரர் கேட்டார், "யார் கண்டுபிடிச்சா?"

"கீழ கழுவற இடத்துல ஒரு அக்கா."

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். "அப்ப சரி சிஸ்டர். அது இருக்கட்டும், நேத்துலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல. இப்ப சாப்பிடலாமா? ரொட்டி சானாய் கிடைக்குமா?"

"ரொட்டி சானாயும் வேணாம் ஒண்ணும் வேணாம், இட்லி போதும்" என்றார் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. டாக்டரைக் கேட்டுக்கொண்டு, ரோட்டைத் தாண்டி ஓடிப்போய் இட்லி வாங்கி வந்தேன். அவர் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆறு இட்லி சாப்பிட்டார். ஒரு மனிதர் சாப்பிடுவதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது அதுதான் முதல் தடவை.

கிளம்பும்போது வேன்காரரின் மனைவி என் கையைப் பிடித்து நிறுத்தினார். "கீழ இருக்கற அந்த அக்காவ நான் பாக்கணும்."

வெளியாட்கள் உள்ளே போக முடியாத இடம் அது. அக்காவை வாசல்வரை வரச் சொன்னேன். ஏப்ரனோடு, கையைத் துடைத்தபடி வந்தார், யாரோ புகார் சொல்ல வந்திருப்பதாக நினைத்து விறைப்பாக நின்றார். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நன்றி என்றெல்லாம் அந்த அம்மா சொல்லவில்லை.

"சாப்டீங்களா?" என்று கேட்டார்.

"இல்லம்மா, இன்னும் வேலை முடியல."

தனக்காக வீட்டிலிருந்து கொண்டுவந்து, பிரிக்கவே பிரிக்காமல் பையில் வைத்திருந்த சாப்பாட்டு டப்பாவை எடுத்து அக்கா கையில் கொடுத்துவிட்டு, அந்த அம்மா திரும்பிப் படியேறிப் போனார். அக்கா டப்பாவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். இத்தனை வருடத்தில் நோயாளி வீட்டு ஆள் ஒருவர் தன்னைத் தேடி வந்தது அதுதான் முதல் தடவை என்று பிறகு என்னிடம் சொன்னார்.

மறுநாள் காலை அறுவை நன்றாக நடந்தது. மத்தியானம் லோரி வந்து மிஷினை ஏற்றிக்கொண்டு போனது. வேன்காரருக்கு இரண்டு மாதம் கசிவு இருந்தது, பிறகு நின்றுவிட்டது. அடுத்த பள்ளித் தவணையில் வேன் ஓட்டத் தொடங்கினார்.

பிரிக்பீல்ட்ஸ் திரும்பியதும் விலைப்பட்டியலை மாற்றி எழுதினேன். கருவிகள் ஒரு செட்டிலிருந்து மறுபடியும் மூன்று செட். அடியில் புதிதாக ஒரு வரி: கழுவும் நேரம், ஐந்து மணி நேரம். நம் விலை போட்டிக்காரருக்கு மேலே போய்விட்டது. மருத்துவமனை அவர்களுடைய மிஷினை வாங்கியது. தோற்றோம். சுற்றி வளைத்து அதை வெற்றி மாதிரி காட்ட எனக்கு விருப்பமில்லை. பாஸ் ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரும் கெட்டவர் இல்லை. அடுத்த மருத்துவமனைக்குப் பட்டியல் போனபோது அந்த வரியை எடுக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அதனால்தான் நீங்கள் பார்த்துச் சிரிக்கும்படி அது இன்னும் அங்கே இருக்கிறது.

இனி கடைசியாக ஒன்று. ஓய்வு பெற்ற சில மாதங்களில் எனக்கே சிறுநீரகத்தில் ஒரு சின்னக் கட்டி. வேறு எங்கே போவேன்? அதே மருத்துவமனை, அதே டாக்டர். ஸ்கேனைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார், "ரோபோல செய்யறது நல்லது, சிஸ்டர். ஆனா அது உங்க மிஷின் இல்லயே, பரவால்லயா?"

"உங்கப்பா எப்படி இருக்காரு?" என்று கேட்டேன்.

"இன்னும் வாக்கிங் போறாரு."

"அப்ப செய்யுங்க."

அன்று நான் இரண்டாவது கேஸ். பச்சை அங்கியில், கையில் ஊசியோடு, வேன்காரர் காத்திருந்த அதே அறையில் மல்லாந்து படுத்திருந்தேன். இருபது வருடம் அந்தக் கதவுக்கு உள்ளே நின்றவள், கதவுக்கு வெளியே படுத்தால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். பயமாக இருந்தது. கூரையில் இருந்த விளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அடுத்து என்ன நடக்கும் என்பது எல்லாம் தெரிந்திருந்ததால் பயம் கூடத்தான் செய்தது.

யாரோ வந்து பக்கத்தில் நின்றார்கள். முகக் கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள். அக்கா மேல்தளத்துக்கு வந்து நான் பார்த்ததே இல்லை. அறுவைப் பட்டியலில் என் பெயரைப் பார்த்திருக்கிறார். சுருங்கி வெளுத்த விரல்களால் என் கையைத் தொட்டார். ஜில்லென்று இருந்தது.

"சிஸ்டர், உங்க செட்ட நேத்து நானே கழுவினேன். வேற யார்கிட்டயும் குடுக்கல. இந்த மிஷினுக்கு புத்தகத்துல நாலு மணி நேரம் போட்டிருக்கு." குனிந்து, என் காதுக்குப் பக்கத்தில் சொன்னார். "நாலேகால் எடுத்தேன்."

நான் விளக்குகளை எண்ணுவதை விட்டுவிட்டேன். கதவு திறந்து என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது, கண்ணை மூடிக்கொண்டேன்.